ஒயில் ஒழுகும் எஞ்சினைப் பிரிப்பதா, விடுவதா?

வெள்ளவத்தையில் அடுக்குமாடியில் இருக்கிறவர்களுக்குக் கார் நிறுத்த ஒரு இடம் கிடைப்பதே பெரிய காரியம். கிடைத்த இடத்தின் சீமெந்துத் தரையில் ஒவ்வொரு காலையும் உள்ளங்கை அகலத்தில் ஒயில் கறை படிந்தால் குடியிருப்பாளர் குழுவிடமிருந்து கடிதம் வரும். எனக்கு இரண்டு கடிதம் வந்துவிட்டது. விசாரித்தவர்கள் எல்லோரும் சொன்ன ஆலோசனை ஒன்றுதான்: "எஞ்சினை இறக்கி முழுசா ஓவரோல் செய்." பழைய கார் வைத்திருக்கும் யாருக்கும் இந்தப் பேச்சு புதிதல்ல. ஆனால் ஒழுக்கு ஒன்று, தேய்வு வேறொன்று. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் லட்சக்கணக்கில் செலவழித்த பிறகும் அதே இடத்தில் அதே சொட்டு விழுவதைப் பலர் கண்டிருக்கிறார்கள். அதைப் பிரித்துப் பார்ப்பது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கார் என் மாமாவுடையது. 1959ஆம் ஆண்டு ஒஸ்ரின்-ஹீலி ஸ்பிரைற். முன்விளக்குகள் இரண்டும் பொனற்றின் மேல் துருத்திக்கொண்டு நிற்பதால் 'தவளைக் கண்' என்பது அதன் பட்டப்பெயர். இரண்டு பேர் மட்டும் போகலாம். கதவுக்கு வெளிக் கைபிடி கிடையாது. டிக்கிக்கு மூடி கிடையாது, சீற்றுக்குப் பின்னால் குனிந்துதான் பையைத் தள்ள வேண்டும். இந்தக் காரை மொனாக்கோவில் உலகுக்குக் காட்டியது 1958 மே 20ஆம் திகதி. இரண்டு நாள் கழித்து, மே 22ஆம் திகதி, பொலன்னறுவை ரயில் நிலையத்தில் 58 கலவரம் தொடங்கியது. இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லைத்தான். ஆனால் இந்தக் காரின் இலக்கத் தகட்டில் இருக்கிற சிங்கள 'ஸ்ரீ'க்கும் அந்தக் கலவரத்துக்கும் சம்பந்தம் உண்டு. 1957இல் வாகனத் தகடுகளில் அந்த எழுத்தைக் கொண்டுவந்ததும் தமிழரசுக் கட்சி எதிர்ப்பு இயக்கம் தொடங்கியது. 1958 ஜனவரியில் உருவான இலங்கைப் போக்குவரத்துச் சபையின் பஸ்கள் அந்த எழுத்தோடு வடக்குக்கு வந்தபோது எங்கள் ஆட்கள் அதற்குத் தார் பூசினார்கள். பதிலுக்குக் கொழும்பில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளுக்குத் தார் பூசப்பட்டது. இன்று பழைய கார்ப் பிரியர்கள் அதே தகட்டை "அசல் தகடு" என்று பெருமையாகத் துடைத்து வைக்கிறார்கள். நானும் துடைக்கிறேன்.

1983 யூலையில் மாமாவின் கொட்டாஞ்சேனை வீடு எரிந்தது. கார் அப்போது ஒரு சிங்களவரின் கராஜில் நின்றது. அவர் அதன் மேல் தறப்பாளைப் போட்டு, முன்னால் பழைய ரயர்களை அடுக்கி மறைத்துவிட்டாராம். எதற்காகக் கராஜில் விட்டீர்கள் என்று பின்னாளில் மாமாவிடம் கேட்டேன். "ஒயில் ஒழுக்குக்குத்தான்" என்றார். அந்த வீட்டிலிருந்து எங்களுக்கு மிஞ்சியது இது ஒன்றுதான். அல்பம் இல்லை, தாத்தாவின் படம் இல்லை, உறுதிப் பத்திரம் இல்லை. ஆகவே இதை வெறும் இரும்புக் கணக்காக மட்டும் பார்க்க எங்கள் வீட்டில் யாராலும் முடிவதில்லை. அதே காரணத்துக்காகவே கணக்கைச் சரியாகப் பார்க்கவும் வேண்டியிருக்கிறது.

முதலில் எஞ்சினைப் பற்றி. பார்ப்பதற்கு ஸ்போர்ட்ஸ் கார் என்றாலும் பொனற்றைத் திறந்தால் உள்ளே இருப்பது நாங்கள் எல்லோரும் அறிந்த ஆள். 1951இல் ஒஸ்ரின் ஏ30 காரோடு வந்த 'ஏ-சீரிஸ்' எஞ்சின் அது. ஒஸ்ரின் ஏ35, மொறிஸ் மைனர், பிறகு மினி எல்லாவற்றிலும் அதுதான். யாழ்ப்பாணத்தில் கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓடிய மொறிஸ் மைனருக்கும் இந்தத் தவளைக் கண்ணுக்கும் ஒரே 948 சீசீ எஞ்சின். ஸ்பிரைற்றுக்கு இரண்டு எஸ்யூ காபரேற்றரும் வேறு வால்வு ஸ்பிரிங்கும் போட்டு 37 குதிரை வலுவை 43 ஆக்கினார்கள், அவ்வளவுதான். இதனால் எங்களுக்கு இரண்டு நன்மை. கஸ்கற், பிஸ்ரன், பெயாரிங் போன்றவற்றுக்குப் 'ஸ்போர்ட்ஸ் கார்' விலை கொடுக்கத் தேவையில்லை. மொறிஸ் மைனருக்கென்று பஞ்சிகாவத்தையில் கேட்கலாம். மற்றது, இந்த எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டத் தெரிந்த ஒரு தலைமுறை எங்களிடம் இருக்கிறது. இன்னும் கொஞ்சக் காலம் இருக்கும்.

என் காரைப் பார்க்கிறவர் அந்தத் தலைமுறை. 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமம் முழுவதும் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது கருவிப் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு நடந்தவர். இப்போது கொட்டாஞ்சேனையில் ஒரு ஒழுங்கைக்குள் சிறிய கராஜ் வைத்திருக்கிறார். வயது எழுபத்தைந்துக்குக் கிட்ட. அவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "ஐயா, இது ஏன் ஒழுகுது?" அவர் சிரித்துவிட்டு, "தம்பி, இது ஒழுகாமல் விட்டால்தான் பயப்பட வேணும். உள்ளுக்கை ஒயில் இல்லை எண்டு அர்த்தம்" என்றார்.

அது பகிடி மட்டுமல்ல. இன்றைய எஞ்சின்களில் கிராங் தண்டு பின்பக்கமாகக் கிளச்சை நோக்கி வெளியே வருமிடத்தில் றப்பர் ஒயில் சீல் ஒன்று இறுக்கமாகப் பிடித்துக்கொண்டிருக்கும். இந்தப் பழைய ஏ-சீரிஸில் அந்த இடத்தில் சீலே கிடையாது. அதற்குப் பதிலாகத் தண்டிலேயே ஒரு சுருள் புரி வெட்டியிருக்கிறார்கள். தண்டு சுழலும்போது அந்தப் புரி, வெளியே வரப் பார்க்கும் ஒயிலைத் திருப்பி உள்ளே தள்ளும். எஞ்சின் ஓடும் வரைக்கும் வேலை செய்கிற ஏற்பாடு. நிறுத்தினால் புரியும் நின்றுவிடும். அப்போது இடைவெளியில் தங்கியிருந்த ஒயில் மெதுவாக வழிந்து, கிளச் கூட்டின் அடியில் உள்ள சிறு துவாரத்தால் சொட்டும். அந்தத் துவாரத்தில் ஒரு பிளவு ஆணி தொங்கிக்கொண்டிருக்கும். அது ஏன் அங்கே தொங்குகிறது என்று பலருக்குக் குழப்பம். கார் ஓடும்போது ஆடி ஆடித் துவாரம் அடைபடாமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை. அதாவது ஒயில் சொட்டும் என்று எதிர்பார்த்தே செய்திருக்கிறார்கள். அதனால் இரவில் நாலைந்து சொட்டு விழுந்தால் அது நோய் இல்லை. ஓவரோல் செய்தாலும் அந்த நாலைந்து சொட்டு திரும்ப வரக்கூடும். றப்பர் சீல் பொருத்தும் மாற்றுத் தொகுதிகள் வெளிநாட்டில் விற்கிறார்கள். போட்டவர்களில் பாதிப் பேர் புகழ்கிறார்கள், பாதிப் பேர் திட்டுகிறார்கள்.

என் காரில் விழுந்தது நாலைந்து சொட்டு இல்லை. ஆகவே எங்கிருந்து என்று தேட வேண்டியிருந்தது. இதில் பெரும்பாலானோர் ஏமாறுவது ஒரு காரணத்தால்: ஒயில் விழுமிடம் ஒழுகுமிடம் அல்ல. மேலே றொக்கர் கவரின் தக்கைக் கஸ்கற்றால் கசிந்தது எஞ்சினின் பக்கத்தால் வழிந்து, காற்றில் பின்னால் தள்ளுண்டு, கிளச் கூட்டின் அடியில் சொட்டி, "பின் சீல் போச்சு" என்று எல்லோரையும் நம்பவைக்கும். ஐயா செய்தது செலவில்லாத வேலை. மண்ணெண்ணெயும் தூரிகையும் கொண்டு எஞ்சினை முழுக்கக் கழுவி, காயவைத்து, பிள்ளைகளுக்குப் பூசும் பவுடரை எல்லா இடத்திலும் தூவினார். பிறகு காலிமுகத்திடல் வரை ஓடிவிட்டு வந்து ரோச் லைற்றால் பார்த்தோம். வெள்ளைப் பவுடரில் கறுப்புக் கோடு தெளிவாகத் தெரிந்தது. பக்கவாட்டில் இருக்கும் இரண்டு தப்பற் மூடிகளில் ஒன்று, முன்னால் ரைமிங் செயின் கவரின் சீல், றொக்கர் கவரின் பின் மூலை. மூன்று இடமும் எஞ்சினை இறக்காமலே திருத்தக்கூடியவை. றொக்கர் கவர் ஒழுகியதற்குக் காரணம் கஸ்கற்றின் பழுது மட்டுமல்ல, ஒழுகுகிறதே என்று ஒவ்வொரு முறையும் யாரோ நட்டை இன்னும் இறுக்கியிருக்கிறார்கள். மெல்லிய தகட்டு மூடி வளைந்துபோய்விட்டது. அதை மேசையில் வைத்துத் தட்டி நேராக்கியே புதிய தக்கையைப் போட வேண்டும்.

ஆனால் ஒரே நேரத்தில் மூன்று இடம் ஏன் ஒழுக வேண்டும்? முக்கியமான கேள்வி இதுதான். எந்த எஞ்சினிலும் பிஸ்ரன் றிங்குகளைத் தாண்டிக் கொஞ்சம் எரிவாயு கீழே சம்புக்குள் இறங்கும். அது வெளியே போக மூச்சுக் குழாய் ஒன்று உண்டு. இந்த எஞ்சினில் தப்பற் மூடியிலிருந்து கீழே ரோட்டைப் பார்த்து இறங்கும் குழாய். அது அடைத்தால் உள்ளே அழுத்தம் கூடும். கூடிய அழுத்தம் ஒவ்வொரு இணைப்பாலும் ஒயிலை வெளியே தள்ளும். பின்னாலிருக்கும் சுருள் புரியையும் தோற்கடிக்கும். றிங்குகள் தேய்ந்து வாயு அளவுக்கு மீறி இறங்கினாலும் இதே கதைதான். வெளியில் பார்த்தால் இரண்டும் ஒன்று போல இருக்கும். முன்னையதற்குச் செலவு ஒரு போத்தல் மண்ணெண்ணெயும் அரை மணித்தியாலமும். பின்னையது எஞ்சினை முழுதாகப் பிரிக்கும் வேலை.

எங்கள் குழாய்க்குள் இருந்த கம்பி வலை தார் மாதிரி இறுகிப்போயிருந்தது. கழுவினோம். பிறகு சூடான எஞ்சினை ஓடவிட்டு ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்ளங்கையை மேலே பிடித்துப் பார்த்தோம். மெல்லிய மூச்சு மட்டும். புகையாகக் குபுகுபுவென்று தள்ளியிருந்தால் கதை வேறு.

அடுத்தது கொம்பிரஷன் சோதனை. நாலு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துவாரத்திலும் மானியை வைத்து, அக்சிலேற்றரை முழுக்க மிதித்தபடி ஸ்ராற்றரைச் சுழற்ற வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது 145, 140, 110, 140. தனி இலக்கத்தை விட வித்தியாசம்தான் பேசும். நாலும் ஒரே மாதிரிக் குறைந்திருந்தால் பொதுவான தேய்வு. பக்கத்துப் பக்கத்து இரண்டு குறைந்திருந்தால் நடுவில் ஹெட் கஸ்கற் போயிருக்கலாம். எங்களுக்கு மூன்றாவது மட்டும். அதற்குள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடி பார்த்தோம். ஒயில் றிங்கைச் சுற்றி அடைத்துக்கொள்ளும். ஆகவே இலக்கம் ஏறினால் குற்றம் றிங்கில். ஏறவில்லை. அப்படியென்றால் வால்வு. இந்த எஞ்சினில் இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்களின் புகை போவது நடுவில் ஒரே துவாரத்தால். அந்த இடம்தான் அதிகம் சூடாகும். அங்கேயுள்ள வால்வு கருகுவது வழக்கமான வியாதி. இலங்கையில் 2002இல் பெற்றோலிலிருந்து ஈயத்தை எடுத்தார்கள். பிள்ளைகளின் மூளைக்கு அது நல்ல காரியம். ஆனால் ஈயம் படிந்து பாதுகாத்துவந்த பழைய இரும்பு வால்வு இருக்கைகள் அதன் பின் மெதுவாகத் தேய்ந்து உள்ளே இறங்கத் தொடங்கின. கடினமான உலோகத்தில் வளையம் செய்து எக்ஸோஸ்ற் இருக்கைகளில் பொருத்தினால் அந்தக் கவலை தீரும். ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும். லேத் வேலை ஒரு நாள்.

மிஞ்சியது அடிப்பகுதி, கிராங்கும் பெயாரிங்கும். அதை அறிய ஒயில் அழுத்தம். நன்றாகச் சூடேறிய பிறகு, காலி வீதியின் நெரிசலில் இல்லாமல் விட்டு ஓடும்போது, 45 பிஎஸ்ஐ காட்டியது. இந்த எஞ்சினுக்கு அது போதும். கிளச்சை மிதிக்கும்போது முன் புளி அசைகிறதா என்றும் ஐயா குனிந்து பார்த்தார். கண்ணுக்குத் தெரியும்படி அசைந்தால் கிராங்கைப் பக்கவாட்டில் தாங்கும் அரை வளையங்கள் தேய்ந்துவிட்டன என்று பொருள். அசையவில்லை.

ஆக, கணக்கு தெளிவு: ஹெட் வேலை, கஸ்கற், முன் சீல், மூச்சுக் குழாய். ஓவரோல் தேவையில்லை. ஆனால் ஐயா சம்மதிக்கவில்லை. அவர் சொன்ன நியாயத்தை விளக்க, தொண்ணூறுகளின் யாழ்ப்பாணத்துக்குப் போக வேண்டும்.

1990இல் போர் மீண்டும் தொடங்கியதும் குடாநாட்டுக்குப் பெற்றோல் நின்றது. அதற்குப் பிறகு அங்கே கார் ஓடியது மண்ணெண்ணெயில். இந்தக் கதையைக் கேட்கிற வெளியூர்க்காரர் நம்பமாட்டார்கள். அந்தப் புகையை மணந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பெற்றோல் எஞ்சினில் மண்ணெண்ணெய் ஓடுவது மந்திரமல்ல. ஐரோப்பாவில் பழைய உழவு இயந்திரங்கள் பெற்றோலில் ஸ்ரார்ட் ஆகி, சூடேறியபின் அதைப் போன்ற எண்ணெய்க்கு மாறும்படியே செய்யப்பட்டன. குளிரில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, அதுதான் சிக்கல். ஆகவே ஒரு சிறு போத்தலில் துளித்துளியாகப் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் செய்து, பிறகு மாற்றினார்கள். எரிபொருள் குழாயை எக்ஸோஸ்ற்றோடு சேர்த்துச் சுற்றிச் சூடாக்கினோம் என்கிறார் ஐயா. மண்ணெண்ணெய்க்குத் தட்டும் குணம் அதிகம். பிஸ்ரன் அதிகம் நெரிக்காத எஞ்சினில்தான் தாக்குப்பிடிக்கும். ஏ-சீரிஸ் 8.3க்கு 1 என்றுதான் நெரிக்கிறது. அதைவிடக் குறைவாக 7.2 நெரிக்கும் வகையும் இருந்தது. புதிய ஜப்பான் கார்கள் முற்றத்தில் தூங்க, மொறிஸ் மைனர்கள் ஓடியதன் இரகசியம் இது.

அதற்கு எஞ்சின் கொடுத்த விலையும் உண்டு. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரிலுள்ள ஒயிலைக் கழுவிக்கொண்டு சம்புக்குள் இறங்கும். ஒயில் தண்ணீராகும். அப்போது டிப் ஸ்ரிக்கை எடுத்தால் ஒயில் மட்டம் குறையாமல், சில வேளை கூடியும் இருக்கும். எஞ்சின் நல்லாய் இருக்கிறதென்று சொந்தக்காரர் மகிழ்வார். ஐயா டிப் ஸ்ரிக்கைப் பார்ப்பதில்லை, மணந்து பார்ப்பார். "மட்டம் பொய் சொல்லும், மணம் சொல்லாது" என்பது அவருடைய பாடம். அப்படிப் பெயாரிங் தின்றுபோன கிராங்குகளை மின்சாரமில்லாத ஊரில், உதிரிப்பாகம் வராத காலத்தில், இன்னொரு செத்த எஞ்சினிலிருந்து எடுத்த பெயாரிங்கை எமரித் தாளால் தேய்த்துப் பொருத்தி ஓடவைத்திருக்கிறார். அந்தக் கார்களில் காயக்காரர் போனார்கள், பிள்ளைத்தாய்ச்சிகள் போனார்கள்.

அவருடைய வாதம் இது: "தம்பி, எஞ்சின் இப்ப கேக்கேல்லை, சரி. பத்து வருஷத்தில கேக்கும். அப்ப ஆர் செய்யிறது? என்ர கை நடுங்காமல் இருக்கேக்க இறக்கிச் செய்து வைப்பம்."

இதை எளிதாகத் தள்ள முடியவில்லை. சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கவும் கிராங்கை அரைக்கவும் தெரிந்த லேத் கடைகள் பஞ்சிகாவத்தையைச் சுற்றி இன்றும் உண்டு. ஆனால் இந்த எஞ்சினின் இடைவெளிகளை மனதில் வைத்திருக்கிறவர்கள் குறைகிறார்கள். மறுபக்கம், ஒரு பிளொக்கை எண்ணி எண்ணித்தான் கடையலாம். அங்குலத்தின் ஆயிரத்தில் பத்து, இருபது, முப்பது, நாற்பது என்று படிகள். பிறகு உள்ளுறை போட வேண்டும். எங்களுடையதில் ஏற்கெனவே இருபது போய்விட்டது; பிஸ்ரன் தலையில் அடித்திருக்கிறது. கிராங்கும் அப்படித்தான், ஒவ்வொரு அரைப்பும் அதை மெலியவைக்கும். நல்ல அளவில் இருக்கிற எஞ்சினை 'இறக்கினோமே' என்பதற்காக ஒரு படி கடைவது, வங்கியில் இருக்கிற காசைத் தேவையில்லாமல் எடுப்பது போல. அதைவிட, ஐம்பது அறுபது வருடம் ஒன்றோடொன்று தேய்ந்து பழகிய பாகங்களைப் பிரித்தால் அவை பழையபடி சேரும் என்ற உத்தரவாதமும் இல்லை.

மூன்றாவது யோசனையும் வந்தது: ஜப்பான் எஞ்சின் ஒன்றைப் போட்டுவிடு. அப்படிப் போட்ட மொறிஸ் மைனர்கள் கொழும்பில் நிறைய ஓடுகின்றன. தினமும் வேலைக்குப் போகிறவருக்கு அது மோசமான முடிவல்ல. ஆனால் பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கமும் இருக்கிறது. மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும். எங்கள் வாசகர்களில் பலருக்கு இதுதான் உண்மையான முட்டுக்கட்டை. 2009க்குப் பின் முள்ளிவாய்க்கால் பக்கம் குவிந்து கிடந்த வாகனங்களில் தங்களுடையதைத் தேடிப் போனவர்களுக்குத் தெரியும், கையில் புத்தகமும் இலக்கமும் இல்லாதவருக்கு எந்த இரும்பும் சொந்தமில்லை. மாமாவின் புத்தகம் இன்னும் மாமாவின் பெயரில், எரிந்துபோன வீட்டு விலாசத்தில் இருக்கிறது. எஞ்சினில் கை வைக்க முன்னம் சொந்தப் பெயருக்கு மாற்றுவதும், எஞ்சின் இலக்கத்தையும் சேசிஸ் இலக்கத்தையும் படமெடுத்து வைப்பதும் ஓவரோலை விட அவசரமானவை.

விற்றுவிடும் வழியும் இருந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் துருப்பிடித்துக் கிடந்தவற்றுக்கும் மவுசு வந்தது. ரொறொன்ரோவிலிருந்து மாமா சொன்னது, "நல்ல விலை வந்தால் குடு, அந்தக் காசில ஊர் வீட்டுக் கூரையைப் போடு." ஊர் வீட்டுக்குக் கூரை இல்லை என்பது உண்மை. அதை நான் மறுக்கவில்லை. ஹெட் வேலைக்கு ஆகும் செலவு கூரைக்குக் காணாது, ஓவரோலுக்கு ஆகும் செலவு பாதிக் கூரைக்குக் காணும். அந்தப் பாதிக் கூரைதான் கடைசியில் என் முடிவைத் தீர்த்தது.

ஓவரோல் இப்போது இல்லை. ஹெட்டை இறக்கிவிட்டோம். வேலையைச் செய்வது ஐயா அல்ல, அவரிடம் ஒரு வருடமாக நிற்கும் கிளிநொச்சிப் பெடியன். ஐயா ஸ்ரூலில் இருந்து பார்த்து, பிழைக்கும்போது மட்டும் வாய் திறக்கிறார். ஒவ்வொரு வால்வின் இடைவெளியும், ஒவ்வொரு நட்டின் இறுக்கமும் ஒரு சீஆர் கொப்பியில் பெடியனின் கையெழுத்தில் ஏறுகிறது. கிளச் தேயும் நாளில் எஞ்சினை எப்படியும் இறக்க வேண்டும்; அன்றைக்குப் பெயாரிங் மூடிகளைத் திறந்து அளப்பதென்று பேசியிருக்கிறோம். அதற்கு முன், சூடான எஞ்சினில் அழுத்தம் 30க்குக் கீழே இறங்கினாலோ, மூன்றாம் கியரில் ஏற்றம் ஏறும்போது அடியிலிருந்து தட்டும் சத்தம் கேட்டாலோ, ஆயிரம் கிலோமீற்றருக்குள் ஒரு லீற்றர் ஒயில் குறைந்தாலோ காத்திருக்காமல் இறக்குவோம். ஊற்றுவது இருபது ஐம்பது கனிய ஒயில்தான். ஒழுக்கை நிறுத்தும் மருந்து என்று போத்தலில் விற்பதைக் கராஜுக்குள்ளேயே விட ஐயா சம்மதிப்பதில்லை. கிளச் கூட்டின் துவாரத்துக்குக் கீழே ஒரு பழைய கேக் தட்டு வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அதில் தேங்கியதை அளக்கும் கிண்ணத்தில் ஊற்றி, அளவைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதுகிறேன்.